வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஒரு பாய்மரக் கப்பல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் இருக்கும் அரசு, மாநகராட்சி, உதவி பெறும் பள்ளிகளின் பிள்ளைகள் வரலாறும் அறிவியலும் படிப்பதற்கென்றே ஒரு பாய்மரக் கப்பல் இந்தக் கரையில் வேண்டும். பாய் ஏற்றி, அலைத்தடுப்புச் சுவருக்குள் புயல் மாதங்கள் தவிர எப்போதும், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் சுவருக்கு வெளியேயும் ஓடக்கூடிய கப்பல். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். விவரமாகச் சொல்ல வேண்டியிருப்பதால் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு பள்ளியில் பல வருடங்கள் பாடம் எடுத்தேன். என் அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். பெண்பிள்ளைகள் மரத்தில் ஏறக் கூடாது என்பது எங்கள் குப்பத்து வழக்கம். அதனால் அவர் பாய் கட்டிப் போவதையும் வருவதையும் கரையில் நின்று பார்த்துத்தான் வளர்ந்தேன். பிறகு ஆசிரியையாகி, அதே கடலைப் பற்றிய பாடங்களை நான்கு சுவர்களுக்குள் நடத்தினேன்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'பாய்மங்கள்' என்று ஒரு பாடம் இருக்கிறது. மிதப்பு விசை, ஆர்க்கிமிடிஸ் தத்துவம், அடர்த்தி எல்லாம் அதில் வரும். நாங்கள் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, உப்பைக் கரைத்து, முட்டையை மிதக்கவிட்டுக் காட்டுவோம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாவோ மாமாவோ அன்று காலைதான் கடலிலிருந்து திரும்பியிருப்பார்கள். முகத்துவாரத்து நீரில் படகு கொஞ்சம் தாழ்ந்து போகும், வெளிக்கடலில் கொஞ்சம் உயர்ந்து மிதக்கும் என்பது அந்த வீடுகளில் தெரிந்த விஷயம். நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் சுமார் இரண்டரை சதவீதம் கூடுதல் அடர்த்தி, அதுதான் காரணம். ஆனால் வீட்டில் தெரிந்ததும் பள்ளியில் படிப்பதும் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளைக்குக் காட்ட ஓர் இடம் இல்லை.

நிலக்காற்று, கடற்காற்று பாடம் நடத்தும்போது ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். புத்தகத்தில் அம்புக்குறி போட்ட படம் இருக்கும். பகலில் கடலிலிருந்து கரைக்கு, இரவில் கரையிலிருந்து கடலுக்கு. எப்போதும் வாயே திறக்காத ஒரு எட்டாம் வகுப்புப் பையன் எழுந்து, "டீச்சர், வெயில் காலத்துல கச்சான் இழுத்துப் புடிச்சிச்சின்னா கொண்டல் மத்தியானம் வரைக்கும் வராது. அன்னிக்குத்தான் ரொம்ப வேவும்" என்றான். கச்சான் என்பது மேற்குக் காற்று, கொண்டல் என்பது கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்று. மே மாதத்தில் மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று தாமதமாகத்தான் உள்ளே நுழைகிறது, அந்த நாட்களில்தான் சென்னையில் வெப்பம் உச்சத்துக்குப் போகிறது என்பதை வானிலை ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். படத்தில் இல்லாத அறிவியல் அவனிடம் இருந்தது. பரீட்சையில் அவன் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் அந்த அறிவுக்கும் சம்பந்தமே இல்லை. அது என்னை இன்றும் வருத்துகிறது.

கப்பலில் பள்ளி நடத்துவது ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்தில் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்ற இரும்புப் பாய்மரக் கப்பல் நிற்கிறது. 1863-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் 'யூடர்ப்பி'. இப்போது அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதில் ஏறி ஓர் இரவு தங்குகிறார்கள். பழைய காலத்து மாலுமிகளைப் போலக் கயிறு இழுக்கிறார்கள், முறை வைத்து இரவுக் காவல் நிற்கிறார்கள். இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். 1865-ல் அந்தக் கப்பல் வங்கக் கடலில், நம் மதராசுக்கு வெளியே, புயலில் சிக்கியது. கப்பல் கவிழாமல் இருக்க மாலுமிகள் பாய்மரங்களையே வெட்டிக் கடலில் தள்ளினார்கள். தட்டுத் தடுமாறித் திருகோணமலைக்கும் அங்கிருந்து கல்கத்தாவுக்கும் போய்ச் சேர்ந்து பழுது பார்த்தார்கள். ஊர் திரும்பும் வழியில் கேப்டன் இறந்துபோக, அவரைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். நம் கடலில் நடந்த இந்தக் கதையை நம் பிள்ளைகள் கேட்டதில்லை. பசிபிக் கரையில் இருக்கும் பிள்ளைகளோ அந்தக் கப்பலின் மேல்தளத்திலேயே நின்று அதன் வரலாற்றைக் கற்கிறார்கள்.

இன்னொரு கப்பல் நியூயார்க் பக்கத்து ஹட்சன் ஆற்றில் ஓடும் 'கிளியர்வாட்டர்'. பாடகர் பீட் சீகரும் நண்பர்களும் ஊராரிடம் பணம் திரட்டிக் கட்டி, 1969-ல் வெள்ளோட்டம் விட்டார்கள். அப்போது ஹட்சன் கிட்டத்தட்ட நம் பக்கிங்காம் கால்வாய் நிலையில் இருந்தது. மின்கருவிகள் செய்யும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆலைகளிலிருந்து பி.சி.பி. என்னும் நச்சு வேதிப்பொருள் 1977 வரை அந்த ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. கிளியர்வாட்டர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். எல்லாரும் சேர்ந்து பாய் ஏற்றுவார்கள். வலை வீசி மீன் பிடித்து, இனம் பார்த்து, எண்ணி, மறுபடி ஆற்றிலேயே விடுவார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று சோதிப்பார்கள். மிதவை உயிரிகளை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அமெரிக்காவில் 1972-ல் தூய நீர்ச் சட்டம் வந்தது. ஹட்சனில் படிந்த நஞ்சை வாரி எடுக்கும் வேலை 2009-லிருந்து 2015 வரை நடந்தது. இத்தனைக்கும் ஒரு கப்பல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். தங்கள் ஆற்றுத் தண்ணீரைச் சிறு வயதில் தாங்களே சோதித்துப் பார்த்த ஒரு தலைமுறை அந்தக் கரையில் வளர்ந்தது; அது சின்ன விஷயமல்ல.

நம்மிடமும் பாய்மரக் கப்பல்கள் இல்லாமல் இல்லை. கடற்படையின் ஐ.என்.எஸ். தரங்கிணி 1997-லிருந்து இருக்கிறது. 54 மீட்டர் நீளம், மூன்று பாய்மரங்கள், இருபது பாய்கள். 2003-04-ல் உலகத்தையே சுற்றி வந்தது. அதன் தங்கைக் கப்பல் சுதர்சினி 2012-ல் வந்தது. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த 'கௌண்டின்யா' 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது; அஜந்தா ஓவியத்தில் உள்ள ஒரு கப்பலைப் பார்த்துச் செய்தது அது. இவை கடற்படையின் பயிற்சிக்கும் ஆய்வுக்குமான கப்பல்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அவற்றில் இடம் கிடையாது.

சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே 1911-ல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் படகுக் கழகம் இருக்கிறது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். அந்தச் செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். அவர் பயிற்சி எடுத்த கடல் நம் காசிமேட்டுக்கு எவ்வளவு பக்கம் என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை.

சரி, எஞ்சின் வைத்த படகு போதாதா, பாய்மரம்தான் வேண்டுமா என்று கேட்பார்கள். என் பதில் இதுதான். எஞ்சினில் அறிவியல் ஒரு பெட்டிக்குள் மூடிக் கிடக்கிறது. சாவியைத் திருப்பினால் படகு போகும். பாய்மரத்தில் ஒவ்வொரு விசையும் பிள்ளையின் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. பாயை மேலே ஏற்றும் ஆஞ்சான் கயிற்றை ஒருவனாக இழுத்துப் பார்க்கட்டும், நகராது. இரட்டைக் கப்பிகள் இரண்டைப் போட்டு அதே கயிற்றை இழுக்கட்டும். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு விசையில் பாய் ஏறும். அதற்கு ஈடாக நாலு மடங்கு நீளக் கயிறு கைக்கு வரும். எளிய எந்திரங்கள் பாடத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருப்பது அதுதான். பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கினால் படகு வேகம் எடுக்கிறது, அதிகம் இறுக்கினால் சாய்கிறது. விசைகளின் இணைகரத்தைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து எனக்குச் சுண்ணக்கட்டி தேய்ந்திருக்கிறது. அதைக் கையால் உணர்ந்த பிள்ளைக்கு அந்தப் படம் ஒருமுறை போதும்.

காற்று வரும் திசையை நோக்கியே ஒரு படகு போக முடியுமா என்று வகுப்பில் கேட்டால் எல்லாரும் முடியாது என்பார்கள். நேராக முடியாதுதான். சுமார் 45 பாகை சாய்வில் இப்படியும் அப்படியும் மாறி மாறி ஓடினால் முடியும். வளைந்து நிற்கும் பாயின் இரு பக்கமும் காற்றின் அழுத்தம் வேறுபடுவதால் ஒரு தூக்கு விசை பிறக்கிறது. அது படகைப் பக்கவாட்டிலும் தள்ளும். அப்படி ஒதுங்காமல் நீருக்குள் இருக்கும் அடிப்பாகம் பிடித்துக்கொள்கிறது. எங்கள் அப்பா காலத்துக் கட்டுமரத்தில் இதற்காகவே ஒரு பலகையைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்குவார்கள். விமானத்தின் இறக்கைக்கும் இதே அறிவியல்தான். சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வந்து கட்டுமரங்கள் அநேகமாக மறைந்துவிட்டன. பாய் பிடிக்கத் தெரிந்த கைகள் எங்கள் கரையில் வயதானவர்களிடம்தான் மிச்சம் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே இதைத் தொடங்க வேண்டும் என்று நான் அவசரப்படுவதற்கு அது ஒரு காரணம்.

கணக்குப் பாடமும் அங்கே இருக்கிறது. பழைய மாலுமிகள் முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டி கப்பலின் பின்னால் விடுவார்கள். 28 விநாடி ஓடும் மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போகிறதோ அதுதான் வேகம். முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். ஏன் அந்த அளவு என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்; விகிதம், அலகு மாற்றம் இரண்டும் அதற்குள் இருக்கின்றன. ஒரு கடல் மைல் என்பது அட்சரேகையில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அது 1,852 மீட்டர். காசிமேட்டிலிருந்து பழவேற்காடு சுமார் 18 கலை வடக்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தவுடன் தூரம் 18 கடல் மைல் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும்.

அப்புறம் இராப்பலகை, நட்சத்திரத்தைப் பார்த்துக் கடலில் இடம் அறியும் பழைய கருவி. இதைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. சிறிய பலகை ஒன்று, அதன் நடுவில் துளை, துளையில் முடிச்சுகள் போட்ட நூல். நூலைப் பல்லில் கடித்துப் பலகையை நீட்டிப் பிடித்து, கீழ் விளிம்பு தொடுவானத்திலும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் படும்படி வைக்க வேண்டும். எந்த முடிச்சில் அது அமைகிறதோ அந்த முடிச்சுக்குரிய ஊரின் அட்சரேகையில் இருக்கிறோம் என்று அர்த்தம். சோழமண்டலக் கரை மாலுமிகளிடம் இப்படிப்பட்ட கருவிகள் இருந்ததை காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி 1850-ல் மதராசில் வெளியான ஓர் ஆய்விதழில் விவரித்து எழுதியிருக்கிறார். துருவ நட்சத்திரம் சென்னையில் தொடுவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில் தெரியும். கன்னியாகுமரியில் 8, கொல்கத்தாவில் இருபத்திரண்டரை. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அது ஏறக்குறைய 10 பாகை. ஒரு மாலை வேளையில் கப்பலின் தளத்தில் நின்று ஆளுக்கொரு பலகை செய்து பார்த்தால் அட்சரேகை என்பது உலக உருண்டையில் வரைந்த கோடு மட்டுமல்ல என்று தெரிந்துவிடும். அட்டையும் நூலும் போதும். செலவு ஐந்து ரூபாய்கூட ஆகாது.

வரலாற்றுக்கு வருகிறேன். வடசென்னையில் நிற்கும் கப்பலுக்கு வரலாறும் அறிவியலும் இரண்டு பாடவேளைகள் அல்ல. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டாலே அது புரியும்: ராயபுரத்துக்கு வடக்கே மணல் ஏன் இல்லை, மெரினாவில் மட்டும் ஏன் அவ்வளவு மணல்?

கிழக்கிந்தியக் கம்பெனி வந்து இருநூறு வருடங்களுக்கு மேல் மதராசில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் கரைக்கு வர வேண்டும். பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கி அடிக்கும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். அவற்றை ஓட்டியவர்கள் நம் கரைக்காரர்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை கப்பல்கள் இங்கே நிற்கவே பயப்படும். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் லா பூர்தொனே கோட்டையைப் பிடித்தார். அக்டோபரில் வந்த புயல் கரைக்கு வெளியே நின்ற அவருடைய கப்பல்களைச் சிதறடித்தது; பல உடைந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மிச்சத்தை வைத்துக்கொண்டு அவர் இந்தக் கரையை விட்டே போனார். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று நம் பிள்ளைகள் பார்த்தார்களே, அதே வடகிழக்குப் பருவத்தின் வேலைதான் அதுவும். வங்கக் கடல் அந்த மாதங்களில் ஏன் புயலைப் பெறுகிறது என்ற பாடத்தையும் கர்நாடகப் போர்ப் பாடத்தையும் அந்த இடத்தில் நின்று சேர்த்தே சொல்லலாம்.

துறைமுக வேலை 1876-ல் தொடங்கியது. முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் அதை அடித்து நொறுக்கியது. மறுபடி கட்டினார்கள். கிழக்கே பார்த்த வாயில் மணலால் தூர்ந்துகொண்டே வந்தது. பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் பொறுப்புக்கு வந்த பிறகு 1911 வாக்கில் வாயிலை வடகிழக்குக்கு மாற்றினார். இத்தனைக்கும் அடியில் இருப்பது மணலின் நடை. வருடத்தில் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்வாகக் கரையில் மோதுகின்றன. மணல் வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வடக்கே போவதுதான் அதிகம். எங்கள் ஆட்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்லி, அதைப் பார்த்துத்தான் வலை விடுவார்கள். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. மெரினா அகன்றது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. "அங்கதான் எங்க தெரு இருந்துச்சு" என்று பாட்டிகள் கடலைக் காட்டிச் சொல்லும் இடங்கள் இங்கே உண்டு. கருங்கல் தடுப்புகள் வந்தன. இன்று பிள்ளைகள் கடலைப் பார்ப்பதே கல்லுக்கு மேல் ஏறித்தான்.

இதை வகுப்பில் சொன்னால் குறிப்பு எழுதிக்கொள்வார்கள். துறைமுக வாயிலுக்கு வெளியே கப்பலில் நின்று, தெற்கே திரும்பி அகன்ற மணலையும் வடக்கே திரும்பிக் கல் சுவரையும் ஒரே பார்வையில் பார்க்கும் பிள்ளைக்கு எழுதிக்கொள்ள அவசியம் இருக்காது.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது. 1860 அக்டோபரில் இதே கடலிலிருந்துதான் 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் புறப்பட்டது; நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் கதை அங்கே தொடங்குகிறது. கப்பலின் அடித்தளத்தில் ஓர் ஆள் படுக்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, அதில் ஒரு மாதத்துக்கு மேல் என்றால் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளைப் படுக்க வைத்துப் பார்க்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது எல்லாருக்கும் தெரியும். அது எவ்வளவு தூரத்தில் நின்றிருந்தது, கரையில் நின்றவர்களுக்கு வெளிச்சம் முதலில் தெரிந்ததா, சத்தம் முதலில் கேட்டதா என்று கேட்டால் அது இயற்பியல். ஒலியின் வேகத்தை அளப்பதற்காக மதராஸ் வானாய்வகத்தின் கோல்டிங்ஹாம் 1820-21-ல் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கவைத்து, வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை எண்ணினார். பீரங்கி நமக்கு வேண்டாம். அலைத்தடுப்புச் சுவரின் முனையில் ஒருவர் கொடியைச் சட்டென்று இறக்கும் அதே நொடியில் பறையை அடித்தால் போதும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் மூன்று விநாடி வரும். வடசென்னையில் பறைக்குப் பஞ்சமா என்ன?

எண்ணூர் முகத்துவாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையெல்லாம் கறுத்தது, ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடி எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்து படகும் வலையும் நாசமாயின. இந்த இரண்டையும் என் மாணவர்களின் வீடுகள் அனுபவித்தன. எண்ணெய் ஏன் மேலே மிதக்கிறது, அதன் மெல்லிய படலம் நீரில் ஆக்சிஜன் கரைவதை எப்படிக் குறைக்கிறது, நண்டும் இறாலும் ஏன் முதலில் சாகின்றன என்று அவர்களே தண்ணீர் எடுத்துச் சோதித்துக் குறித்து வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நீர் எடுத்து, வெப்பம், உப்பு, ஆக்சிஜன், கலங்கல் நான்கையும் ஒரு பெரிய நோட்டில் எழுதினால், பத்து வருடத்தில் அது இந்தக் கடற்கரையின் ஆவணமாகிவிடும். வடசென்னையின் தண்ணீரும் காற்றும் எப்படி இருக்கின்றன என்று எப்போதும் வெளியிலிருந்து வந்து அளந்துவிட்டுப் போகிறார்கள். நம் பிள்ளைகள் அளக்கட்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப் போக அனுமதி கேட்டு நான் முன்பு ஓர் அலுவலகத்தின் படி ஏறியிருக்கிறேன். "அசம்பாவிதம் நடந்தா யாரும்மா பொறுப்பு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. முதல் வருடம் கப்பல் அலைத்தடுப்புச் சுவருக்குள் மட்டும் ஓடட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான உயிர்காப்புச் சட்டை. நீச்சல் தெரியாத பிள்ளைக்கு முதலில் நீச்சல். பின்னாலேயே ஒரு எஞ்சின் படகு. வெளிக்கடலுக்குப் போவது பிப்ரவரி, மார்ச்சில் மட்டும், வானிலை மையத்தின் எச்சரிக்கை எதுவும் இல்லாத நாட்களில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கப்பல் கட்டியே கிடக்கட்டும்; அடித்தளத்தில் பாடம் நடத்த எவ்வளவோ உண்டு.

யார் சொல்லிக்கொடுப்பது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், ஆட்கள் வருமானம் இல்லாமல் வலையைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் அனுபவமுள்ள மீனவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, பள்ளி ஆசிரியர்களோடு உட்காரவைத்துப் பாடத்தைத் தயார் செய்யலாம். ஆசிரியருக்குப் புத்தகம் தெரியும், அவர்களுக்குக் கடல் தெரியும். இருவரும் ஒன்றாக நடத்தும் வகுப்பாக இது இருக்க வேண்டும். தன் அப்பா ஆசிரியராக நிற்பதை ஒரு மீனவப் பிள்ளை பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கலாசிகளும் சுக்கானிகளும் ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் இருக்கிறார்கள். அவர்களையும் கூப்பிட வேண்டும்.

கப்பலைப் புதிதாக வெளிநாட்டில் வாங்க வேண்டியதில்லை. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குக் கொண்டுபோனவை. அந்த வடிவத்தில் ஒன்றைக் கட்டலாம். காசிமேட்டிலேயே படகு கட்டும் தச்சர்கள் இருக்கிறார்கள். கட்டும் வேலை நடக்கும்போதே பிள்ளைகள் வந்து பார்த்தால் அதுவே ஒரு வருடப் பாடம். வட சென்னை வளர்ச்சித் திட்டத்தை அரசு 2023-ல் அறிவித்தபோது 1,000 கோடி ரூபாய் என்றார்கள். அதன் பிறகு தொகை கூடியும் இருக்கிறது. பள்ளிகளுக்குள் சோதனைக் கருவிகளோடு போகும் வானவில் மன்றம் திட்டம் 2022-லிருந்து நடக்கிறது. அதன் கருத்தாளர்களையே கப்பலிலும் பயன்படுத்தலாம். பணமும் ஆளும் தேடிப் போக வேண்டிய தூரத்தில் இல்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒன்று. கப்பலில் ஏறும் ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேர் பெண்பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுத வேண்டும். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், இரண்டே பேராகத் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதக் கடைசியில் திரும்பினார்கள். இதைத் தெரிந்த பிறகும் எங்கள் குப்பத்தில் ஒரு சிறுமியிடம் நீ கரையில் நில் என்று யாரும் சொல்லக் கூடாது.

உங்கள் நாளிதழ் மூலமாகப் பள்ளிக் கல்வித் துறை, மீன்வளத் துறை, துறைமுக நிர்வாகம், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் நான்கையும் கேட்டுக்கொள்கிறேன். வருகிற கல்வியாண்டுக்குள் ஒரே ஒரு கூட்டத்துக்கு உட்காருங்கள். மீனவர் பஞ்சாயத்துகளையும் தலைமை ஆசிரியர்களையும் கூப்பிடுங்கள். கப்பல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பாய் கட்டிய இரண்டு சிறு படகுகளோடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் அடுத்த ஜனவரியிலேயே தொடங்கலாம். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எந்தப் பாடத்தைப் படகில் எப்படி நடத்தலாம் என்று நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு நகல் தருகிறேன். சம்பளம் இல்லாமல் வந்து பாடமும் எடுக்கிறேன். பாய் பிடிக்கத் தெரிந்த பெரியவர்கள், கப்பலில் வேலை செய்தவர்கள், படகுத் தச்சர்கள் யாராவது இதைப் படித்தால், தங்களுக்குத் தெரிந்ததை இந்த நாளிதழுக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
ராயபுரம், சென்னை – 13.